உளிக்கு அகலம், அரத்துக்கு நீளம்

தினசரி நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் நான் எழுதிய குறிப்பு இது: “உளி – அகலம். அரம் – நீளம், வால் நீங்கலாக. ஆக்ஸா பிளேடு – ஓட்டைக்கு ஓட்டை. டிரில் பிட் – குறுக்களவு. வாய்ச்சி – தெரியவில்லை, விசாரிக்க.” தாளின் முன்பக்கத்தில் ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்று இருக்கிறது. வருடம் அச்சாகியிருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது.

வருடத்தை வேறு வழிகளில் நெருங்கிப் பார்த்தேன். நான் மாயவரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பழைய உறைகளில் தஞ்சாவூர் மாவட்டம் என்பதை அடித்துவிட்டு நாகப்பட்டினம் என்று எழுதித் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. திருவாரூர் இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. ஆகவே தொண்ணூற்றொன்றுக்குப் பின், தொண்ணூற்றேழுக்கு முன். தங்கையைக் கேட்டால் சின்ன மகளுக்குப் பல் முளைத்த வருடம் என்கிறாள். அவள் கணவரைக் கேட்டால், இல்லை, அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்கிறார். இருவரும் பெற்றோர், யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் லுத்தரன் குடும்பம். தங்கையைக் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குத் தச்சு வேலை. நிலை, கதவு, ஜன்னல், சமயத்தில் கோயில் பெஞ்சுகள். அந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. குறுவை போனால் வீடு கட்டுகிறவர்களும் கையை மடக்கிக்கொள்வார்கள். கட்டியவர்களிலும் சிலர் இரும்புக் கதவைக் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்து மாட்டத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வளைகுடாவுக்குப் போவது என்று முடிவு செய்தார்.

தங்கை ஒரு நிபந்தனை வைத்தாள். கார்பெண்டர் என்று எடுத்தால் போகலாம். ஹெல்பர் என்று எடுத்தால் போகக் கூடாது. அவர்கள் தெருவில் ஒருவர் ஹெல்பராகப் போய், மாடி மாடியாகச் சிமெண்ட் மூட்டை தூக்கி, இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். அவருடைய மனைவி குழாயடியில் சொன்னதெல்லாம் தங்கைக்கு மனப்பாடம். கம்பெனிக்காரர் கும்பகோணத்துக்கு வந்து நேரில் சோதிப்பார், கருவிகளின் பெயர், சைஸ், உபயோகம் மூன்றையும் கேட்பார், சொல்லத் தெரிந்தவர் கார்பெண்டர், தெரியாதவர் ஹெல்பர் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். ஆக அந்த வீட்டில் எல்லாமே சைஸில் வந்து நின்றது.

பெயரும் உபயோகமும் மாப்பிள்ளைக்குத் தெரியும். சைஸ்தான் தகராறு. நான் எதையும் படித்துப் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்ததால், தொழிற்பயிற்சி மாணவர் ஒருவரிடம் பாடப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் சாயங்காலங்களில் குத்தாலத்துக்குப் போய்வந்தேன். நூலகத்தில் அதைவிடத் தடிமனான புத்தகங்களைப் படித்து முடித்திருக்கிறேன். இந்தச் சின்னப் புத்தகம் என்னைச் சுற்ற வைத்தது.

நெல்லை மரக்காலில் சொல்கிறோம், வைக்கோலைக் கட்டில் சொல்கிறோம், நிலத்தைக் குழியிலும் மாவிலும் சொல்கிறோம்; யாரும் குழம்புவதில்லை. ஆனால் ஒரே பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இரும்புகளில், ஒன்றின் சைஸ் என்பது அகலம், அடுத்ததன் சைஸ் நீளம், மூன்றாவதன் சைஸ் பருமன். முக்கால் அங்குல உளி என்றால் வாயின் அகலம் முக்கால் அங்குலம். அது எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு அங்குல அரம் என்றால் நீளம். அதிலும் கைப்பிடிக்குள் செருகும் கூரான வால் கணக்கில் வராது. ரம்பத்துக்குத் தகட்டின் நீளம் சொன்னால் போதாது, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்றும் சொல்ல வேண்டும். இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு இன்னும் விசேஷம்: முனையிலிருந்து முனைக்கு அளந்தால் தப்பு, ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து மறு ஓட்டையின் நடுவுக்கு அளக்க வேண்டும். ஏன் இப்படி என்று புத்தகம் சொல்லவில்லை. நான் ஏதேனும் ஒரு பொது விதியைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். தேய்கிற பக்கத்தை அளப்பதில்லை என்று ஒரு விதி தோன்றியது. உளி தீட்டத் தீட்ட நீளத்தில் தேயும், அகலம் அப்படியே இருக்கும். மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். “அப்ப டிரில் பிட்டு?” என்றார். அதைத் தீட்டினாலும் நீளம்தான் குறையும், ஆகவே விதி சரி என்றேன். “அரம் நீளத்துல தேயாதே, பல்லுதானே தேயும்?” என்றார். அதற்கும் விதி பொருந்துகிறதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள், வாய்ச்சியை எடுத்து முன்னால் வைத்தார். மரத்தைச் செதுக்கும் கருவி. புத்தகத்தில் அது இல்லவே இல்லை.

“இது எங்கப்பா வெச்சிருந்தது. இதுக்கு சைஸ் கேட்டா என்ன சொல்ல?”

நான் எடைபோட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மளிகைக் கடையில் நிறுத்துப் பார்த்தோம். அந்த எடை எதற்கு என்று இருவருக்குமே பிறகு விளங்கவில்லை.

அரங்களில் முரட்டுப் பல்லுக்கும் நைஸ் பல்லுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. ‘பாஸ்டர்ட்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, தங்கை முன்னால் வாசிக்கத் தயங்கினேன். அவரோ சர்வ சாதாரணமாக, பாஸ்டர் அரம்தானே, கடையில் அப்படித்தான் கேட்டு வாங்குவோம், உங்கள் சபைக்காரர்கள் யாரோ செய்தது என்று நினைத்திருந்தேன் என்றார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த சிக்கல் மில்லிமீட்டர். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். முக்கால் அங்குல உளியை ஆறு நூல் உளி என்பார்கள். மாப்பிள்ளையின் கை, கண், வாய் எல்லாம் நூலில்தான் ஓடும். சோதனையில் மில்லிமீட்டர்தான் கேட்பார்கள் என்று ஏஜெண்ட் எச்சரித்திருந்தார்.

“ஒரு இஞ்சிக்கு இருபத்தஞ்சு புள்ளி நாலு” என்றேன்.

“புள்ளி நாலு எதுக்கு மச்சான்? அது ராவுற தூள்லயே போயிரும்.”

அடுப்படியிலிருந்து தங்கை, “தூள்ல போறதுக்கா கம்பெனிக்காரன் பிளேன் ஏறி வந்து பரீட்சை வைக்கிறான்?” என்றாள்.

அவர் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து புள்ளி நாலைச் சேர்த்தே சொன்னார். சொல்லும்போது சேர்த்தார்; அளக்கும்போது சேர்த்தாரா என்பது வேறு கேள்வி.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூசையைத் தவறவிட்டுப் போகிறாரே என்று தங்கைக்கு வருத்தம். நானும் கூடப் போனேன். கும்பகோணத்துக்கு வெளியே, ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். கூட வந்தவர்களைக் கயிறு கட்டி ஒரு பக்கமாக நிறுத்தினார்கள். மாப்பிள்ளைக்குப் பதினேழாம் எண் கொடுத்துச் சட்டையில் குத்தினார்கள். பதினெட்டு, கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். வரிசையில் நிற்கும்போதே இருவரும் பழகிவிட்டார்கள். தன் அண்ணன் கூத்தாநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருப்பதாக அவர் சொன்னார்.

சோதிக்க வந்தவர் குட்டையான மனிதர். மலையாளம் கலந்த தமிழ். வாய்மொழிக் கேள்விகள் நான் பயந்த அளவுக்கு இல்லை. உளியைக் காட்டினார், மாப்பிள்ளை பத்தொன்பது மில்லிமீட்டர் என்றார். அரத்தைக் காட்டினார், பதினாலு இஞ்சி என்று சொல்லிவிட்டு, வாலைக் கழித்து, பன்னிரண்டு என்று திருத்தினார். திருத்தியதற்கு அவர் தலையாட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஏதோ எழுதினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களில் ஒருவருக்கும் அது நல்ல எழுத்தா கெட்ட எழுத்தா என்று தெரியவில்லை. வாய்ச்சி மேசையிலேயே இல்லை.

அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, செய்முறையும் உண்டு என்றார்கள். இரும்புக் குழாயைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்துக் கொடுக்க வேண்டும். கார்பெண்டரிடம் எதற்கு இரும்புக் குழாய் என்று வரிசையில் முணுமுணுப்பு வந்தது. சைட்டில் மரமும் அறுக்க வேண்டும், இரும்பும் அறுக்க வேண்டும், இஷ்டமில்லாதவர்கள் போகலாம் என்று ஏஜெண்டின் ஆள் பொதுவாகச் சொன்னார். யாரும் போகவில்லை.

ஆக்ஸா பிரேமையும் பிளேடையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். அவரவர் மாட்டிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை பிளேடின் பல் தன்னைப் பார்க்கும்படி மாட்டினார். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் பக்கத்துத் தச்சர்களில் பலர் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, ரம்பத்தைத் தம் பக்கம் இழுத்துத்தான் அறுப்பார்கள். தள்ளும்போது அறுக்கும் ரம்பம் கடையில் கிடைத்தால்கூட, வீட்டுக்குக் கொண்டுவந்து முக்கோண அரத்தால் பல்லை ராவி இழுவைக்கு மாற்றிக்கொள்வார்கள். மற்ற மேசைகளைப் பார்த்த பிறகுதான், பதினெட்டாம் எண்காரர் உட்பட எல்லோருடைய பிளேடிலும் பல் வெளிப்பக்கம் பார்ப்பது தெரிந்தது. எல்லோரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள், இவர் ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்.

சோதிக்கிறவர் வந்து நின்றார். “இது என்னா, பல்லு உள்ளே பார்க்குது?”

“எங்க ரம்பமெல்லாம் இப்படித்தான் சார் அறுக்கும்.”

“இது ரம்பமா?”

 மாப்பிள்ளை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல், பாதி அறுத்த குழாயில் பிளேடு இருக்கும்படியே நின்றார். சோதிக்கிறவர் கையை ஆட்டினார். தொடரச் சொன்னாரா, விடச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை தொடரச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். துண்டு விழுந்தது. வெட்டு கோணவில்லை என்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

அறுத்த துண்டுகளில் அவரவர் எண்ணைச் சாக்கட்டியால் எழுதி ஓர் இரும்புச் சட்டியில் போடச் சொன்னார்கள். புதுக் குழாய், எண்ணெய்ப் பிசுக்கு. சாக்கட்டி சரியாகப் பிடிக்கவில்லை. ஏஜெண்டின் ஆள் கழிவுத் துணியால் ஒவ்வொரு துண்டாகத் துடைத்தார். துடைத்ததில் எண்ணெயோடு எண்ணும் போயிற்று. அவர் அதை ஞாபகத்திலிருந்தோ, மிச்சம் இருந்த கோடுகளைப் பார்த்தோ, மறுபடி எழுதினார். இதை நான் பார்த்தேன். பார்க்கும்போது முக்கியமாகத் தோன்றவில்லை.

பிறகு சோதிக்கிறவர் ஒவ்வொரு துண்டாக எஃகு அளவுகோலில் வைத்துச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். பதினேழு, நூறு என்றார். பதினெட்டு, நூற்றொன்றரை என்றார். மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். சந்தோஷம் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

திரும்பும் பேருந்து ஆடுதுறையைத் தாண்டியது. மாப்பிள்ளை சொன்னார்.

“மச்சான், நான் நாலு இஞ்சிக்குத்தான் கோடு போட்டேன்.”

அளவுகோலில் ஒரு விளிம்பில் அங்குலம், மறு விளிம்பில் மில்லிமீட்டர். நூறு என்று கேட்டதுமே நாலு அங்குலம் என்று விரல் தானாகப் போய்விட்டதாம். நாலை இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கினால் நூற்றொன்று புள்ளி ஆறு. பதினெட்டின் துண்டுக்குச் சொன்ன அளவு ஏறக்குறைய அதேதான். ஆக துடைத்து எழுதியபோது எண் மாறிவிட்டது, இவருடையது அவருடையதாகிவிட்டது. நான் இப்படிச் சொல்லி முடித்ததும், அவர், “இல்ல, கடைசி நேரத்துல ஸ்கேலைப் புரட்டி மறுபக்கம் வெச்ச மாதிரியும் இருக்கு” என்றார். புரட்டினாரா? புரட்டியது கோடு போடுவதற்கு முன்பா பின்பா? குத்தாலம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்கக் கேட்க அவருடைய ஞாபகம் கலங்கியதே தவிரத் தெளியவில்லை.

சில வாரம் கழித்து எஸ்.டி.டி. பூத்துக்குத் தகவல் வந்தது. பதினேழு தேர்வாகிவிட்டது, கார்பெண்டர். பதினெட்டு இல்லை. பல்லைத் தலைகீழாக மாட்டியதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை மன்னித்தார்களா, கவனிக்கவில்லையா, அளவு சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்களா என்று ஏஜெண்டைக் கேட்டேன். எடுத்துவிட்டார்கள், அப்புறம் என்ன கேள்வி என்றார்.

தங்கை பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை குழாய்த் துண்டு விஷயத்தை அவளிடம் சொன்னார். அவள் கேட்டாள்.

“நீங்க பாஸ் பண்ணீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“எனக்கே தெரியலயே.”

“மாறியிருந்தா அந்தப் புள்ள வூட்டுல நம்மள என்ன நெனப்பாங்க?”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாமப் போனா மட்டும் சரியாயிருமா?” என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, “அண்ணே, நீங்க ரெண்டு பேரும் கூத்தாநல்லூர் போயி அந்தப் புள்ளையப் பாத்துக் கேட்டுட்டு வாங்க. அது அளந்த அளவு என்னன்னு கேளுங்க. அதுக்கப்பறம் இவங்க கெளம்புறதப் பத்திப் பேசலாம்” என்றாள்.

மாயவரம் போய், திருவாரூர் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து. போகிற வழி முழுவதும் என்ன கேட்பது என்று பேசிக்கொண்டே போனோம். அவர் நூறு அளந்ததாகச் சொன்னால், துண்டு மாறியிருக்கிறது. ஏஜெண்டிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்றார் மாப்பிள்ளை. நாலு அங்குலம் அளந்ததாகச் சொன்னால், அவருடைய துண்டு அவருடையதே. நாம் வீணாகக் குழம்பியிருக்கிறோம். ஒரே ஒரு பதில் போதும் என்று எனக்குத் தோன்றியது.

சைக்கிள் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்காரவைத்து டீ சொன்னார். தம்பி முந்தைய வாரமே மலேசியாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அவர்களுடைய மாமாவுக்கு அங்கே ஓட்டல். கார்பெண்டர் வேலைக்கா என்று கேட்டேன். இல்லை, ஓட்டலில் ஒத்தாசைக்கு என்றார். அந்த வேலை கிடைக்காததால் இதற்குப் போனாரா, இது முன்பே முடிவானதா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

மாப்பிள்ளை குழாயைப் பற்றிக் கேட்டார். அண்ணன் யோசித்தார்.

“நீளமாப் போச்சுன்னு சொன்னான். இல்ல, இருங்க, கட்டையாப் போச்சுன்னானா? பிளேடு ஒடஞ்சுதுன்னுகூட ஒண்ணு சொன்னான். அது உங்க டெஸ்ட்டா, திருச்சியில ஒண்ணு போனானே அதுவா, தெரியலீங்க.”

“நாலு இஞ்சி வெச்சாரா, நூறு மில்லி வெச்சாரா, எதுனா சொன்னாரா பாய்?”

“எங்க கடையில எல்லாம் இஞ்சிதான். ஆனா அவன் படிச்சது பாலிடெக்னிக்குல, அங்க எல்லாம் மில்லிதான்.”

எனக்கு இருந்த ஒரே பிடியும் அதோடு நழுவியது. நாலு அங்குலப் பழக்கம் மாப்பிள்ளைக்கு மட்டும் சொந்தமில்லை. மில்லிமீட்டர்ப் பழக்கமும் அந்த இளைஞருக்கு இருந்திருக்கும். எண் மாறியிருக்கக்கூடும் என்பதை மாப்பிள்ளை அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். அண்ணனுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, தம்பிக்குத் தச்சு வேலையில் இஷ்டமே கிடையாது, சினேகிதர்கள் போனார்கள் என்று போனான் என்றார். எங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையா, அதையும் என்னால் சொல்ல முடியாது. போனில் பேசும்போது கேட்டுச் சொல்வதாக என் அலுவலக முகவரியை வாங்கிக்கொண்டார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். ஏஜெண்டிடம் போய்ச் சொல்வதாக இருந்தால் என்ன சொல்வது என்று கேட்டாள். துண்டு மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம் என்றேன். அதைச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் கணவரைப் பார்த்தாள்.

“போங்க. ஆனா நான் கார்பெண்டர்னு யாருகிட்டயும் பீத்திக்காதீங்க.”

கிறிஸ்மஸ் முடிந்த வாரத்தில் அவர் கிளம்பினார். அங்கே கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கும் வேலை. மின்சார ரம்பம், தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம் என்று எழுதினார். இடுப்புக்குப் பட்டை கட்டாமல்தான் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தார். வந்ததும் முதல் நாளோ இரண்டாம் நாளோ, மற்றவர்கள் இல்லாத சமயம் பார்த்து, பதில் வந்ததா மச்சான் என்று கேட்பார். இல்லை என்பேன். வேலையில் நல்ல பெயர் வாங்கியிருந்தார், ஃபோர்மேன் என்று உயர்ந்திருந்தார். அதனால் அந்தக் கேள்வி நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

நான் பின்னர் ஒரு முறை கூத்தாநல்லூருக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். மலேசியாவுக்கு என்று எதிர்க் கடையில் சொன்னார்கள். ஏஜெண்டின் அலுவலகம் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. துண்டுகளைத் துடைத்தவரின் பெயரை நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

பதினேழு என்று எழுதப்பட்ட நூறு மில்லிமீட்டர் துண்டை அறுத்தவர் என் தங்கையின் கணவரா, கூத்தாநல்லூர்க்காரரா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.